எண்ணெய் தேட வந்தவர்களும் எங்கள் மணல் ஊற்றும்

தோப்புக்குள் முதல் ஜீப் வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எங்கள் வாசற்படியில் ஏறினார். சர்க்கார் வண்டியில் வருகிற ஒருவர் வனக் காவலர் வீட்டு வாசலில் எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்? இந்த மனுஷர் எதையோ கேட்கப் போகிறார், இல்லை எதையோ மறைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மோர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு வனத்துறையில் காவலர் வேலை. காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரியை ஒட்டிய கடற்கரை மணல்மேட்டில், புயல்காற்றைத் தடுக்கவும் மணல் வயலுக்குள் ஏறாமல் இருக்கவும் சவுக்கு வைத்து வளர்த்து, அதைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டிருந்தார்கள். ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது, ஒரு கூடை மணல் அள்ளக் கூடாது. தோப்பின் ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டில் நாங்களும் எங்கள் மகளும் இருந்தோம். அவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது.

மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கே கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கடல் கூப்பிடு தூரத்தில்தான், ஆனாலும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஊருக்குள் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. அதில் பருப்பு போட்டால் விறகுதான் தீரும், பருப்பு வேகாது. அதனால் குடிக்கவும் உலை வைக்கவும் ஊர் முழுக்க எங்கள் தோப்பு ஊற்றைத்தான் நம்பியிருந்தது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிசாக நிற்கிறது, ஆழமாகக் கை வைத்தால் உப்பு ஏறிவிடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கொட்டாங்கச்சியால்தான் மொள்ள வேண்டும். வாளி, சோப்பு, செருப்பு எதுவும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. ஒருமுறை செருப்போடு இறங்கிய ஒருத்தியை மீன் விற்கிற அக்கா ஒருத்தி மேடு தாண்டும்வரை விரட்டிக்கொண்டு போனாள். அந்த அக்காதான் ஊற்றடியில் எனக்குத் தோழி. எங்கள் இரண்டு பேருக்கும் வாய் நீளம், அதனால் ஒத்துப்போயிற்று.

செருப்பைக் கழற்றியவர் எண்ணெய் தேடும் குழுவின் அதிகாரி. வந்த விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொன்னார்.

"இந்தப் பூமிக்கு அடியில எண்ணெய் இருக்கான்னு பாக்கணும்ங்க. ஒரே நேரா வரிசையா துளை போட்டு, உள்ள வெடி வெச்சு, அதிர்வு எப்படித் திரும்பி வருதுன்னு கருவியில பிடிப்போம். மரத்துல கை வைக்க மாட்டோம்."

நான் உள்ளேயிருந்தே கேட்டேன். "எண்ணெய் இருந்துச்சுன்னா?"

"அத பெரியவங்க முடிவு பண்ணுவாங்கம்மா."

எந்தப் பெரியவங்க, எங்கே இருக்கிறவங்க என்று கேட்பதற்குள் என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து என் கண் அவர்கள் மேலேயே இருந்தது.

துறையிலிருந்து அனுமதி வந்தது, கூடவே நிபந்தனைகளும் வந்தன. சாப்பிடும்போது அவர் எனக்கு அவற்றை விளக்கிச் சொன்னார். புதர் வெட்டலாம், மரம் கூடாது. ஊற்றுப் பள்ளத்துக்குப் பக்கத்தில் துளை கூடாது. வெடித்து முடித்த துளைகளை அடைக்க வேண்டும். துளைக்குள் ரசாயனம் எதுவும் போகக் கூடாது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டியவர் காவலர், அதாவது இவர். வாழ்க்கையில் முதல்முறையாக இவர் சம்மதம் இல்லாமல் ஒரு லாரி நகரக் கூடாது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. காக்கிச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடச் சொன்னார்.

"உங்கள நல்லா ஏமாத்தப் போறாங்க" என்றேன்.

"ஏன்டி, எதப் பாத்தாலும் உனக்குச் சந்தேகந்தானா?"

"சந்தேகப்படாம இருக்க அந்த ஆளு என்ன எங்க அண்ணனா?"

வேலை ஆரம்பித்தது. கூடாரங்கள் முளைத்தன. வெளியூர் ஆட்களோடு பக்கத்து ஊரான விழிதியூரிலிருந்தும் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அதிகாரி என் மகளுக்கு ஒரு பிஸ்கட் டின் கொடுத்தார். அதை நான் திறக்கவில்லை, பரணில் தூக்கிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் கையில் புது டார்ச் லைட். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, இருட்டில் தோப்பைச் சுற்றிப் பார்க்க அவர்கள் கொடுத்தது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பிஸ்கட் டின்னுக்கு அடுத்து டார்ச் லைட், அதற்கு அடுத்து என்னவோ.

பிறகு அந்த மூட்டைகள் வந்தன. ஒரு லாரி நிறையச் சாம்பல் நிறத் தூள். துளை போடும்போது ஓரத்து மணல் சரியாமல் இருக்க இதைக் கரைத்து உள்ளே விடுவோம் என்றார் அதிகாரி.

"இது என்னா தூளு?"

"களிமண்ணுதான்ங்க. ஒரு வகைக் களிமண். வேற ஒண்ணும் இல்ல."

நான் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று ஊதிக்கொண்டு வந்தது. காவிரி கொண்டுவந்து கொட்டிய களிமண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த ஊருக்கு எவனாவது லாரியில் களிமண்ணைக் கொண்டுவருவானா? எந்தக் களிமண் இப்படி ஊதும்? என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அது மருந்து. உள்ள விட்டீங்கன்னா ஊரே வந்து நம்ம வாசல்ல நிக்கும்" என்றேன். அவருக்கும் அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பினார்.

அதிகாரி சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் மூட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "சரிங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிறவன் வேறு ஏதோ கையில் வைத்திருக்கிறான் என்று தோன்றியது. அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். சுள்ளி பொறுக்குகிற சாக்கில் கூடாரங்களுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பேன். டீசல் பீப்பாய்கள், குழாய்கள், கம்பிச் சுருள்கள். மூட்டை மட்டும் கண்ணில் படவில்லை. வெடிப் பெட்டி இருக்கும் கூடாரத்தில் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

துளைகள் போட்டார்கள். நான்கைந்து பேர் குழாயைத் திருகித் திருகி இறக்குவார்கள். பிறகு சீழ்க்கை சத்தம் வரும், எல்லோரும் விலகி நிற்பார்கள், அடிவயிற்றில் திம்மென்று ஓர் அதிர்வு. அந்த நேரத்தில் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அவளுக்கோ அது விளையாட்டு, இன்னொன்று வைக்கச் சொல்லி அடம் பிடிப்பாள்.

விழிதியூரிலிருந்து மாட்டு வண்டிகளும் வந்துகொண்டிருந்தன. வண்டி நிறையச் சாணி. மேட்டின் மேல் மணலில் பெரிய குழி வெட்டி, சாணியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கரைத்து, அந்தக் கரைசலைத்தான் பம்பு வைத்துத் துளைக்குள் விட்டார்கள். எங்கள் பக்கம் போர் போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மணல் சரியாது. நான் அதைப் பார்த்தேன், தாண்டிப் போனேன். ஒரு நாள் வண்டிக்காரரிடம் கேட்டு வாசல் தெளிக்க ஒரு கை சாணி வாங்கியும் வந்தேன். சாணியை யார் சந்தேகப்படுவார்கள்? மார்கழியில் பூசணிப்பூவைச் செருகி வாசலில் வைக்கிற பொருள் அது.

எங்கள் பக்கம் வேலை முடிந்து துளை வரிசை தெற்கே நகர்ந்தது. ஆட்கள் மேட்டுக் குழியில் மிச்சம் கிடந்த கரைசலின் மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். கூடாரம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

முதலில் சொன்னது அக்காதான். ஊற்றில் கொட்டாங்கச்சியை முக்கி எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னாடி இது, டீத் தண்ணி மாரி இருக்கு?"

மோந்து பார்த்தேன். ஏதோ ஒரு வாடை. புதிதாகத் தோண்டினோம். அதிலும் அதே நிறம். இன்னும் தள்ளித் தோண்டினோம், கொஞ்சம் தெளிவாக இருந்தது, எடுத்துக்கொண்டு போனோம். வேறு எங்கே போவது? அந்த வாரமே ஊரில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. என் மகளும் துவண்டு போனாள். அக்காவின் பேரனை, மகள் வயிற்றுப் பிள்ளையை, காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மகளுக்குப் பக்கத்துக் கட்டில்தான். பிள்ளைக்குக் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை. அக்கா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன கஞ்சியையும் தொடவில்லை.

ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வெடிமருந்து தண்ணீரில் கலந்துவிட்டது. காவலர் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் வேறு எப்படி நினைக்கத் தெரியும்? மகள் கண் திறந்து தண்ணீர் கேட்ட அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தேன்.

"எவ்வளவு வாங்குனீங்க? சொல்லுங்க. எவ்வளவுக்கு எம் புள்ளய வித்தீங்க?"

அவர் என் கையை எடுத்துவிட முயற்சிக்கவே இல்லை. "ஒண்ணும் வாங்கலடி" என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை.

மறுநாள் ஊற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு அதிகாரியின் கூடாரத்துக்குப் போனேன். மேசைமேல் வைத்து, "குடிங்க" என்றேன். அவர் எடுத்து மோந்தார். முகம் மாறிவிட்டது.

"இதுல சாணி வாடை அடிக்குதேம்மா."

"கத விடாதீங்க. அந்த மூட்டைய எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"மூட்டை அன்னிக்கே திரும்பிப் போயிருச்சும்மா. அது நெஜமாவே களிமண்ணுதான். அது போட்டிருந்தா துளைச் சுவர்ல ஒட்டி அடைச்சுக்கும், ஒண்ணும் கசியாது. உங்க வீட்டுக்காரரு வேணாம்னாரு. அப்ப சாணி போடலாமான்னு கேட்டேன். அது சுத்தமான பொருளுதானே, தாராளமா போடுங்கன்னாரு."

கூடாரத்துக்கு வெளியே திரும்பி மேட்டைப் பார்த்தேன். சாணிக் குழி மேட்டில், ஊற்று பள்ளத்தில், நடுவில் வெறும் மணல். ஊற்றுக்குப் பக்கத்தில் துளை போடக் கூடாது என்று எழுதியவர்கள் குழி எங்கே வெட்டலாம் என்று எழுதவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா? படிச்சவருதானே நீங்க?"

அவர் சொம்பை மேசைமேல் திருப்பி வைத்தார். "யோசிச்சிருக்கணும்மா. துளை வரிசைய சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலருந்து நெருக்கினாங்க. ஊர்ல எல்லாரும் போடுறதுதானேன்னு விட்டுட்டேன்."

அன்றைக்கே அவர் ஆட்களை வரவழைத்தார். சாணிக் குழியை மணலோடு வெட்டி வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். திருப்பி அனுப்பிய அந்தச் சாம்பல் நிறத் தூளையே மறுபடி வரவழைத்துத் துளைகளை அடைத்தார்கள். இந்த முறை என் வீட்டுக்காரர் குனிந்து நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒரு மழைக்காலம் போனால் மணல் தானாகக் கழுவிக்கொள்ளும், அதுவரை இந்தத் தண்ணீர் வேண்டாம், ஊற்றை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றார் அதிகாரி. கொம்யூன் பஞ்சாயத்து லாரியில் தண்ணீர் வர ஏற்பாடு செய்தார்கள். நான் திண்டாடிப் போயிருந்தேன். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவர் சொன்னதை முழுக்க நம்பவும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஊற்றை மண் போட்டு மூடுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. வெடிமருந்து என்றால் அது விஷம், இனி எந்தக் காலத்திலும் குடிக்க முடியாது, மூடத்தான் வேண்டும். பெண்கள் பக்கத்தில் நான் நின்றேன். என்னைச் சுற்றி இடம் காலியாக இருந்தது.

என் வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்டார்கள். அவர் "ஆமாங்க, வெடிமருந்துதான், என்ன ஏமாத்திட்டாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். ஊர் அவரைக் கட்டிக்கொண்டிருக்கும். அவர் மேல் ஒரு தூசு விழுந்திருக்காது. அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். மனுஷர் உள்ளதைச் சொன்னார். மூட்டையைத் திருப்பியது தான்தான், சாணிக்குச் சம்மதம் கொடுத்ததும் தான்தான், தண்ணீரைக் கெடுத்தது சாணிதான், மழை வந்தால் சரியாகிவிடும், தயவுசெய்து ஊற்றை மூடாதீர்கள்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் இவர் ஒரு பைசா வாங்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

"சாணியால நோவு வருதாம்யா" என்றார் ஒருவர்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து மொழுகுறோம், தெளிக்கிறோம். எங்களுக்கு வராத நோவா?"

"கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்த பாட்ட பாடுறான்."

நான் முன்னால் போனேன். "அவரு சொல்றது நெசந்தான். நான் அந்தக் குழியப் பாத்தேன். அவரு எதுவும் வாங்கல."

அக்கா எழுந்தாள். சத்தம் போடவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில சட்டயப் பிடிச்சு எவ்வளவு வாங்குனீங்கன்னு கேட்டவ நீதானே? கட்டிக்கிட்ட பொண்டாட்டிக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப் போவுது?"

ஏதேதோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஆண்களும் பெண்களுமாக வந்து பள்ளத்தை மணலால் நிரப்பிவிட்டுப் போனார்கள். தோப்பில் மணல் அள்ளக் கூடாது என்ற சட்டத்தை என் வீட்டுக்காரர் அன்று வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றேன். "சரி விடு" என்றார்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. எண்ணெய்க் குழுவும் போய்விட்டது. எண்ணெய் கிடைத்ததா இல்லையா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தை பிறந்ததும் நான் தனியாகப் பள்ளத்துக்குப் போய் மணலைத் தோண்டினேன். கொஞ்ச நேரத்தில் ஊறியது. கண்ணாடி மாதிரி. முதலில் நான்தான் குடித்தேன். இரண்டு நாள் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பருப்பு போட்டேன், பூ மாதிரி மலர்ந்து வெந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கும் மகளுக்கும் கொடுத்தேன். ஊரில் போய்ச் சொன்னேன். ஊர்ப் பெண்கள் பார்க்கப் பார்க்கக் குடித்துக் காட்டினேன். "குடி, குடி, சம்பளத்துக்குக் குடிக்கிறே" என்றாள் ஒருத்தி. அந்தத் தோப்பில் இருந்தவரை நாங்கள் மூன்று பேரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். ஊர் லாரித் தண்ணீருக்கு நின்றது. லாரி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

சித்திரை வெயிலில் லாரி தொடர்ந்து வராமல் இருந்த சமயம், உச்சி வேளையில் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் காலிக் குடம், உதடு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த பேரன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிழைத்து எழுந்தும் உடம்பு தேறவில்லை, கையும் காலும் குச்சியாக இருந்தன. அவள் எதுவும் கேட்கவில்லை. குடத்தை வாங்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு கழுத்துவரை நிரப்பிக் கொண்டுவந்து அவள் இடுப்பில் ஏற்றிவிட்டேன். அவளே வந்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பையன் ஒரு வாய் தண்ணீர் கேட்டான். "வூட்டுக்குப் போயி" என்றாள்.

போகிறவளைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன். தோப்பு முடிகிற இடத்தில் பையன் மறுபடியும் குடத்துக்குக் கை நீட்ட, நின்று ஒரு கை அள்ளி மோந்தாள், அவன் குச்சிக் கையைப் பார்த்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பையனைச் சற்றுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, குடத்தை மெதுவாகச் சாய்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மணலில் ஊற்றினாள். பிறகு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேரன் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.